மைனஸ் பதினெட்டில் ஒரு பிளேன்ரீ

"கள்ளி ஆரெண்டு எங்களுக்குத் தெரியும், மிஸ். மீனை எங்க கொண்டுபோய் வித்தவள் எண்டதை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ" என்றார் முகாமையாளர் தவராசா.

துப்பறிய ஆளைக் கூப்பிட்டுவிட்டு விடையையும் தாங்களே சொல்லிவிடுகிற மனிதர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. வாய்க்குள் இறால் வடை இருந்தது. நான்காவது வடை.

நான் தர்சன். கமலேஸ்வரி அக்காவின் உதவியாளன், அவருடைய ஓட்டோவின் சாரதி, அவர் திட்டுவதற்கென்று வைத்திருக்கும் ஆள். மூன்றும் நான்தான். அக்கா முன்பு தொலைபேசி வயர்களோடு பல வருஷம் மாரடித்துவிட்டு, இனி மனிதர்களோடு மாரடிப்போம் என்று திருகோணமலையில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். வயர்களே பரவாயில்லை என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்.

தவராசாவின் அறை ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்தது. யன்னலால் பார்த்தால் கீழே ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில், அவருடைய கொம்பனியின் மீன் குளிர்க்களஞ்சியம். சுவரில் கதவளவு பெரிய திரை. அதில் பச்சை எழுத்தில் மைனஸ் 18.2. கொஞ்சம் பொறுத்தால் 18.1. மறுபடி 18.2. திரை தவராசாவின் மேசையைப் பார்க்கவில்லை, விருந்தாளிக் கதிரைகளைத்தான் பார்த்தது. வாறவன் போறவன் வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காகவே மாட்டிய திரை அது.

விஷயம் இதுதான். போன கிழமை, வெருகல் பக்கத்து வள்ளக்காரர்கள் இந்தக் களஞ்சியத்தில் வைத்த பாரை, சூரை, அறக்குளா எல்லாம் நாறிப்போய்விட்டன. திரையோ அன்று முழுவதும் மைனஸ் பதினெட்டு என்றே காட்டியிருக்கிறது. குளிர் சரி, மீன் மட்டும் அழுகல் என்றால் என்ன அர்த்தம்? நல்ல மீனை யாரோ கடத்தி விற்றுவிட்டு, அழுகலைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். களஞ்சியக் கதவின் திறப்பு சுலோஜனா என்ற பெண்ணின் கையில் இருந்தது. ஆகவே சுலோஜனா கள்ளி. இதுதான் தவராசாவின் மூளை போய் முட்டி நின்ற இடம்.

"பின்னேரம் கொழும்பிலயிருந்து முதலாளி வாறார். வந்த உடன அவளைப் பொலிசில குடுக்கிறதுதான்" என்றார்.

"எல்லாம் முடிவெடுத்தாச்செண்டா எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"கேற்றில நிக்கிற சனத்தைக் கண்டனீங்கள்தானே? வெளியாள் ஒருத்தர் சொன்னாத்தான் சனம் அடங்கும். அவளும் வெருகல்தான். அவளின்ர சொந்தப் பெரியப்பாவின்ர மீனும் போயிட்டுது." தவராசா என் பக்கம் திரும்பித் தட்டைத் தள்ளினார். "சாப்பிடுங்கோ தம்பி. மூதூர் இறால். எங்கட களஞ்சியத்தில வச்சிருந்து எடுத்தது. மனிசி சுட்டவ."

"தெரியுது சேர். கைப்பக்குவம்" என்று ஐந்தாவதை எடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வடை கொஞ்சம் தொண்டையில் நின்றது.

அப்போதுதான் கழுத்தில் கொம்பனி அட்டை தொங்க கிருஷாந்த் உள்ளே வந்தான். திரையை மாட்டிய பொறியியலாளர். அறைக்குள் வந்ததும் எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை, திரையை ஒருமுறை பார்த்துத் தானே சிரித்துக்கொண்டான். புளுகன் என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறை.

கீழே ஐஸ் உடைக்கிற மெஷினைப் போட்டார்கள் போல. அலுமாரிக்கு மேல் மெல்லப் பாடிக்கொண்டிருந்த சின்ன ரேடியோ கர்ர்ர் என்று கத்தத் தொடங்கியது. பாட்டு செத்துப்போய்விட்டது. தவராசா எழும்பி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அக்கா ரேடியோவைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். 18.2. 18.1. அதற்கு ஒரு தடுமல்கூட இல்லை.

"தம்பி, கீழயிருந்து இந்த எண் எப்பிடி வருது?" என்று கிருஷாந்திடம் கேட்டார்.

"வயரால. முந்திக் கீழயிருந்து மேல மணி அடிக்கப் போட்ட பழைய வயர். ரோட்டுக்குக் கீழ குழாய்க்குள்ளால வருது. புதுசா இழுக்கிறதெண்டா ரோட்டைக் கிண்ட அனுமதி வேணும். வயர்லெஸ் எண்டா, பக்கத்தில கடற்படைத் தளம், அதுக்கும் அனுமதி. அதால இருக்கிற வயரையே பாவிச்சனான்."

"ரெண்டு கம்பியையும் ஒண்டோடொண்டு முறுக்கின வயரோ?"

"இல்லை, சும்மா ரெண்டு கம்பி. ஆனா என்ர சிஸ்டத்துக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை."

"என்ன வேகத்தில அனுப்புறீங்கள்?"

கிருஷாந்தின் நெஞ்சு ஒரு சாண் முன்னே வந்தது. "செக்கனுக்கு ஒரு லட்சத்துப் பதினையாயிரம் பிட். கீழயிருந்து எண்ணை அனுப்புற பெட்டியில இருக்கிற ஆகக் கூடின வேகம் அதுதான்."

"இப்ப ஓடுதே, அந்த ஐஸ் மெஷின், அது ஓடேக்கையும் பிழை வராதோ?"

"ஒரு பிழையும் வராது. நீங்களே பாக்கிறீங்கள்தானே."

"ஓம், பாக்கிறன். கெட்டிக்காரன்" என்றார் அக்கா.

அக்கா ஒருவரைக் கெட்டிக்காரன் என்று சொன்னால் அந்த ஆளுக்கு ஏழரை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாவம், கிருஷாந்துக்கு அது தெரியாது. "தாங்ஸ், மிஸ்" என்று வேறு சொன்னான்.

களஞ்சியத்துக்குப் போகும் வழியில் கேற்றில் மறித்தார்கள். ஒரு வெறும் லொறி, அதைச் சுற்றி வெருகல்காரர்கள். சால்வையை இடுப்பில் கட்டிய பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். வீரக்குட்டி. சுலோஜனாவின் பெரியப்பா.

"எங்கட பிள்ளை நிக்குதெண்டுதான் இஞ்ச மீன் வச்சனாங்கள். எங்கட வயித்திலயே அடிச்சுப்போட்டாள், கள்ளி" என்றார்.

"நீங்கள் அவளோட கதைச்சுப் பாத்தனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"அவளோட என்ன கதை? மனேச்சர் எங்களைக் கூப்பிட்டு அந்த ரிவியில காட்டினவர். குளிர் ஒரு சொட்டும் குறையேல்லை."

எனக்கு வாய் துடித்தது. அந்த ரிவியில் நாளைக்கு உங்கள் மூக்கு இல்லை என்று காட்டினாலும் தடவிப் பார்க்காமல் அழுவீர்களா என்று கேட்க வந்தேன். அக்கா என் கையைக் கிள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

சுலோஜனா களஞ்சிய வாசலில், கவிழ்த்த மீன் பெட்டி ஒன்றின்மேல் இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அழவில்லை. அழுது முடிந்து கோபத்துக்கு வந்துவிட்ட முகம்.

"நான் கோல் எடுத்துச் சொன்னனான், அக்கா. கூரையில ஐஸ் கரைஞ்சு சொட்டுது, உள்ளுக்குப் போனாக் குளிரேல்லை எண்டு. சேர் சொல்லுறார், ஸ்க்ரீனில மைனஸ் பதினெட்டு நிக்குது, உனக்குத்தான் காய்ச்சல், கதவைத் திறக்காத, மெக்கானிக்கையும் கூப்பிடாத எண்டு. அவற்ற அறையில அண்டைக்கு மீன் வாங்கிற பெரிய ஆக்கள் வந்திருந்தவை. அவை சிரிக்கிற சத்தமும் கேட்டது."

"கதவில மீற்றர் ஒண்டும் இல்லையோ?"

"முள்ளு மீற்றர் ஒண்டு இருந்தது. கிருஷாந்த் சேர் கழட்டிக்கொண்டு போட்டார். இனி எல்லாம் மேலதானாம்."

கேட்டீர்களா கதையை? குளிர் அறையைப் பார்க்கிறவளுக்கு மீற்றர் இல்லை. மலையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறவருக்குக் கதவளவு திரை. குசினியில் நிற்கிறவளை உப்புப் பார்க்க விடாமல், ரோட்டில் போகிறவனிடம் ருசி கேட்கிற வேலை இது.

"அண்டைக்குப் பிறகு கதவு திறந்ததோ?" என்று அக்கா கேட்டார்.

"நான் கோல் எடுத்த கையோட சேரின்ர ட்ரைவர் வந்தவர். சேரின்ர பேர் எழுதின வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டி ஒண்டு உள்ளுக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனவர். அவ்வளவுதான்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். "இந்தத் திரை எப்பவும் இப்பிடி அமைதியாத்தான் நிக்குமோ?"

"எங்க அக்கா! பூட்டின புதிசில ஐஸ் மெஷினைப் போட்டாச் சரி, மேலயிருந்து கத்துவினம். நூறு காட்டுது, கேள்விக்குறி காட்டுது எண்டு. பிறகு கிருஷாந்த் சேர் வந்து திருத்திப்போட்டார்."

"வயரை மாத்தினவரோ? எண்ணை அனுப்புற இந்தப் பெட்டியைத் திறந்தவரோ?"

"இல்லை. கீழ வரவேயில்லை. மேலயே இருந்து திருத்தினவர்."

அக்கா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. சுவரோரமாகப் போகும் குழாயைக் காட்டினார். அதற்குள் ஐஸ் மெஷினின் தடித்த கரண்ட் வயரும், பழைய மணி வயரும் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போயின.

"தர்சன், கேள். கம்பி ரெண்டையும் முறுக்கி வச்சா, பக்கத்து மோட்டர் போடுற சத்தம் ரெண்டிலயும் ஒரே அளவா ஏறும். மற்றப்பக்கத்தில கழிச்சு விடலாம். இது முறுக்காத வயர். ஒரு கம்பியில கூட ஏறும், மற்றதில குறைய ஏறும். எண் சிதறிப்போகும். அந்த வேகத்தில எண்டா ஒண்டும் தப்பாது."

"அப்ப இந்த வயரில அனுப்பவே ஏலாதா, அக்கா?"

"ஏன் ஏலாது? ஆறுதலா அனுப்பினா வடிவாப் போகும். நூறில ஒரு பங்கு வேகம் காணும். இல்லாட்டி வோல்டேஜை விட்டிட்டுக் கரண்டா அனுப்பலாம், அதை மோட்டர் லேசில குழப்பாது. குளிர் அறை சூடாக மணித்தியாலக் கணக்கு எடுக்கும். அதுக்கென்ன அவசரம்?"

"ஆமைக்கு ஹெல்மெட் போட்ட கதை" என்றேன்.

"அதேதான். வேகத்தைக் குறைச்சனான் எண்டு அவன் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன். புளுகாமல் இருக்க ஏலேல்லை அவனால. ரேடியோ அந்தக் கத்துக் கத்தேக்கை, அந்த வயரில அந்த வேகத்தில வாற எண் மட்டும் எப்பிடி இருமாமல் இருக்கும்?" அக்கா சுலோஜனாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, ஒரு பிளேன்ரீ ஊத்தித் தர ஏலுமோ? நல்ல கொதிக்கக் கொதிக்க."

"எனக்கும் ஒண்டு" என்றேன்.

"உனக்கில்லை. நீ மேல ஓடு. திரைக்கு முன்னால நிண்டு எனக்குக் கோல் எடு."

மேலே ஓடினேன். வடை ஐந்தும் கூடவே ஓடி வந்தன. தவராசாவும் கிருஷாந்தும் என்ன என்று பார்க்க, "அக்கா உங்கட சிஸ்டத்தைப் பாராட்ட வேணுமாம்" என்று சொல்லித் திரைக்கு முன்னால் நின்றேன். போனை எல்லாருக்கும் கேட்கப் போட்டேன்.

"என்ன காட்டுது?" அக்காவின் குரல்.

"மைனஸ் பதினெட்டு தசம் ரெண்டு."

"சரி. குளிரைப் பாக்கிற இரும்புக் குச்சியை அறைக்கு வெளிய எடுத்தாச்சு. இப்ப?"

"தசம் ஒண்டு."

"குச்சி இப்ப பிளேன்ரீக் கோப்பைக்குள்ள நிக்குது. ஆவி பறக்குது. இப்ப?"

"தசம் ரெண்டு, அக்கா. தேத்தண்ணி கட்டியாகிப்போச்சுப் போல."

கிருஷாந்தின் கையில் இருந்த போன் நழுவி மடியில் விழுந்தது.

"கடைசியா ஒண்டு. வயரையே கழட்டிக் கையில வச்சிருக்கிறன். இப்ப என்ன காட்டுது?"

"தசம் ஒண்டு. உங்கட கையும் மைனஸ் பதினெட்டு. உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அக்கா சுலோஜனாவோடு மேலே வந்து சேர்வதற்குள் தவராசா தயாராகிவிட்டார். மேசையில் ஓங்கி அடித்தார். "அடப் பாவி! பொய் எண்ணைக் காட்டி என்னையும் ஏமாத்திப்போட்டியேடா! நான் இதை நம்பித்தானே இந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட்டனான்! மிஸ், நல்லவேளை நீங்கள் வந்தது. பிள்ளை, குறை நினைக்காத."

கண்ணில் தண்ணீர் வேறு. கிருஷாந்த் எழும்பிச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரி, கள்ளன் அகப்பட்டான், வேலை முடிந்தது என்று நான் கடைசி வடையை எடுத்தேன்.

"அதை வை, தர்சன்" என்றார் அக்கா. "அது சாட்சி."

கை அப்படியே நின்றது.

"எல்லாரும் அழுகின மீன் ஆற்ற மீன் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கினம். அழுகாதது ஆற்ற எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் அக்கா. "சேர், உங்கட களஞ்சியத்தில இருக்கிறது ஒரே ஒரு அறை. அதில இருந்த மீன் முழுக்க நாறிப்போச்சு. இந்த இறால் மட்டும் வடை சுடுற பதத்தில எப்பிடித் தப்பினது?"

தவராசாவின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.

"இந்தப் பிள்ளை கோல் எடுத்த கையோட ட்ரைவரை அனுப்பி உங்கட பெட்டியை எடுத்திருக்கிறீங்கள். கதவைத் திறக்காத எண்டு அவளுக்குச் சொன்ன அதே வாயால. திரையை நம்பின ஆள் இறாலை ஏன் வெளிய எடுக்க வேணும்? வாங்க வந்த ஆக்கள் இந்தக் கதிரையில இருந்தவை. அவைக்கு முன்னால மெக்கானிக்கைக் கூப்பிட உங்களுக்கு மரியாதை குறைஞ்சுபோம். அவள் சொன்னது உண்மையெண்டு உங்களுக்கு அப்பவே தெரியும்."

என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சாட்சியத்தில் பெரும்பகுதி உள்ளே இருந்தது. சீ, எவ்வளவு ருசி.

கிருஷாந்த்தான் முதலில் உடைந்தான். "நான் சேருக்குச் சொன்னனான், மிஸ். வயரில ஒழுங்கா ஒண்டும் வரேல்லை, திரையில நிக்கிறது நான் எழுதிவிட்ட எண் எண்டு. வாங்க வாற ஆக்கள் வந்திட்டுப் போகுமட்டும் அப்பிடியே விடு எண்டு சொன்னவர்."

"வேகத்தைக் குறைச்சுப் பாக்கேல்லையோ?"

"குறைச்சிருந்தாச் சரிவந்திருக்கும். ஆனா ஆகக் கூடின வேகம் எண்டு முதலாளிக்குச் சொல்லிப்போட்டன். பிறகு எப்பிடிக் குறைக்கிறது? வெட்கமாயிருந்தது."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "வேகத்தைக் குறைக்க வெட்கம். ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கள்ளியாக்க வெட்கமில்லை. நீ எல்லாம் படிச்சு என்னத்தைக் கிழிச்சனி?"

எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. கையெல்லாம் எண்ணெய், விட்டுவிட்டேன்.

பின்னேரம் முதலாளி வந்தார். அக்கா சொன்னதை நின்றபடியே கேட்டார். கோப்பைக்குள் குச்சியை விட்டுத் தானும் ஒருமுறை பார்த்தார். பிறகு தவராசாவையும் கிருஷாந்தையும் பொலிசுக்குப் பதில் சொல்லத் தயாராகச் சொல்லிவிட்டு, கேற்றுக்கு வந்து, அழுகின மீனுக்குக் கொம்பனிதான் பொறுப்பு, இந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை என்று சனத்துக்கு வாயால் சொன்னார். சுலோஜனா பக்கத்தில்தான் நின்றாள்.

சனம் உடனே மாறிவிட்டது. எனக்கு அப்பவே தெரியும் என்றது ஒரு வாய். எங்கட பிள்ளை அப்படிச் செய்யாது என்றது இன்னொன்று. கொஞ்ச நேரத்துக்கு முன் காறித் துப்பிய அதே வாய்கள்.

வீரக்குட்டி சால்வையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மகள், வா. லொறியில ஏறு. வீட்டை போவம். கொம்மா பாத்துக்கொண்டிருப்பா."

சுலோஜனா அசையவில்லை.

"பெரியப்பா, இந்தக் கொம்பனி ஆக்களுக்கு என்னை வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். இவை கள்ளி எண்டாக் கோவம்தான் வரும், வேற ஒண்டுமில்லை. நீங்கள் என்னைத் தோளில வச்சு வளத்தனீங்கள். கேற்றிலயிருந்து கீழ எவ்வளவு தூரம்? ஒருக்கா வந்து, பிள்ளை, நீ எடுத்தனியோ எண்டு கேட்டிருக்கலாமே."

"அந்த ரிவியில..." என்று தொடங்கினார் வீரக்குட்டி.

"இல்லை எண்டிருப்பன். அவ்வளவுதான் பெரியப்பா. இல்லை எண்டு சொல்ல ஒரு ஆள் கேக்கட்டும் எண்டுதான் களஞ்சிய வாசலில அந்த மீன் பெட்டியில இவ்வளவு நாளும் இருந்தனான்."

அவள் எங்கள் ஓட்டோவில் ஏறி, "அக்கா, என்னை பஸ் ஸ்ராண்டில இறக்கிவிடுங்கோ" என்றாள்.

ஓட்டோவை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். லொறி ஹோர்ன் அடிக்காமல், முந்தாமல், பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தது. வெருகல் பஸ் நின்றது. சுலோஜனா ஏறினாள். லொறி நின்ற பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. இருந்தாள். யன்னலைச் சாத்தினாள்.